வலது காதில் ஒரு பிரசங்கம்

முதலில் என் கால் தையல் மிஷினின் மிதியைத் தேடியது. மிதி அதன் இடத்தில்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் பாதமும் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் பாதம் அங்கே இருப்பது எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன். வெகுநேரம் உட்கார்ந்ததில் மரத்துப்போயிருக்கும் என்று எண்ணி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடிப்புத் தையலைச் சொல்லிக்கொடுத்து முடித்தேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். பெயர் ஹெப்சிபா. ஐம்பதை நெருங்குகிறேன். அதுவரை எதற்கும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் கிடந்ததைப் போலப் படுத்துக் கிடப்பவர்களால் இதைப் படிக்க முடியாது. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். அதிலும், வாயில் வேத வசனத்தோடும் கையில் செல்போனோடும் நிற்பவர்களுக்காக. கோபமாக எழுதுகிறேனே என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான். அதைவிட அதிர்ச்சி அதிகம். இன்னும் தீரவில்லை.

மறுநாள் பள்ளிப் படிக்கட்டில் முழங்கால் மடங்கியது. அதற்கடுத்த நாள் குளியலறையில் விழுந்தேன். காப்பி டம்ளரைத் தூக்கினால் விரல் நழுவியது. என் கணவர் ஜெபராஜ் கடையைக்கூடப் பூட்டாமல், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தார். வண்ணார்பேட்டையில் அவருக்கு இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். அவர் ஜெபம் பண்ண எழும்பினால் சின்னப் பிள்ளைகள் மெல்ல உட்கார்ந்துவிடும், அவ்வளவு நீளமாகப் பண்ணுவார். அந்த மனிதர் ஆட்டோவில் ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நரம்பியல் மருத்துவர் வயதில் இளையவர். சிறிய ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு, "போன ரெண்டு மூணு வாரத்துல வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

இருந்தது. முக்கூடல் பக்கம் என் கணவரின் சொந்த ஊரில் அசனத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு நாலைந்து நாள் படாதபாடு பட்டேன். அசனம் என்றால் எங்கள் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஆட்டுக்கறியும் சோறும். ஏழை, பணக்காரன், உள்ளூரான், வெளியூரான் என்று பாராமல் ஒரே பந்தியில் உட்காருவோம். அன்பின் விருந்து என்றும் சொல்வோம்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். நோயின் பெயரைச் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்றார் (கிருமியோடு சண்டைபோடக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் தன் சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்குவது). வயிற்றுக்குள் போன கிருமி இதைத் தொடங்கிவைத்திருக்கலாம். எந்தச் சாப்பாட்டிலிருந்து என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. யாருக்கும் வரலாம், பெரும்பாலானவர்கள் எழுந்து நடப்பார்கள், ஆனால் அதற்கு முன்னால் இன்னும் மோசமாகும் என்றார்.

பக்கத்தில் என் மைனி நின்றார். கணவரின் அக்காள், பெயர் ராஜம்மாள். உடன்குடியில் வாழ்க்கைப்பட்டவர். நான் விழுந்த செய்தி கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். மருத்துவர் சொன்னதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"என்ன டாக்டரம்மா சொல்லுதீங்க? ஆண்டவர் வீட்டுச் சோத்துல சீக்கு வருமா?"

"ஆண்டவர் வீட்டுச் சோறுன்னாலும் கறி வேகணும்ல, அம்மா," என்றார் மருத்துவர்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் பாதிதான் சிரித்தது. அன்று மாலைக்குள் முகத்தின் இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு மேலோட்டமாக வந்துபோனது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் வாய்வழியாகக் குழாய் விட்டு வென்டிலேட்டரில் (மூச்சை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் கருவி) போட்டார்கள். அடுத்தடுத்த நாள்களில் இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டாவது வாரத்தில் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் நேராகக் குழாய் பொருத்துவது) செய்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு மயக்கமே இல்லை. இதுதான் இந்த நோயின் கொடுமை. கை, கால், வாய், கழுத்து எல்லாம் செத்துக் கிடக்க, உள்ளே நான் முழுசாக விழித்திருந்தேன். கண்விழியை மட்டும் அசைக்க முடிந்தது. இமைகள் மூடவில்லை.

மருத்துவர் என் வீட்டாரிடம் நல்ல எண்ணத்தோடு ஒன்று சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் கேக்கும். அதனால பேசிக்கிட்டே இருங்க."

அவ்வளவுதான் சொன்னார். மைனி கடைக்குப் போய் ஒரு இயர்போன் வாங்கி வந்துவிட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்து பேச விடமாட்டார்கள். பார்வை நேரம் முடிந்தால் வெளியே போகத்தான் வேண்டும். அந்த நேரமும் நான் வீணாகக் கிடக்கக்கூடாது என்று மைனி நினைத்தார். பழைய செல்போன் ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்து, இயர்போனை என் வலது காதில் சொருகி, பிரசங்கத்தை ஓடவிட்டார். வெளியே சத்தம் கேட்காததால் நர்ஸ்களும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, நீ ஒண்ணும் பண்ணாண்டாம். சும்மா கேட்டுக்கிட்டுக் கெட. வசனம் உள்ள போவப் போவ எல்லாம் சரியாயிரும்," என்று என் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார்.

முதல் நாள் ஆறுதலாகத்தான் இருந்தது. கடவுள் உன்னை நேசிக்கிறார் என்று ஒரு குரல் இதமாகச் சொன்னது. பின்னால் கீபோர்டு வாசித்தார்கள். ஆனால் ஒரு பிரசங்கம் முடிந்ததும் செல்போன் தானாக இன்னொன்றைப் போடும். அது முடிந்ததும் வேறொன்று. போகப்போகக் குரல் ஏறியது. கீபோர்டும் கூடவே ஏறியது. விசுவாசம் இருந்தால் இந்த நிமிஷமே எழும்புவாய் என்றார் ஒருவர். எழும்பவில்லை என்றால் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று தேடு என்றார். அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். வியாதி என்பது கடவுள் கையில் இருக்கிற பிரம்பு, நேசிக்கிற பிள்ளையைத்தான் அவர் அடிப்பார், அடி பலமாக விழுகிறதென்றால் அன்பும் பலமாக இருக்கிறதென்று அர்த்தம் என்றார்.

கையைத் தூக்கி ஒரு ஒயரைப் பிடுங்கினால் போதும். அந்தக் கைதான் இல்லை.

நடுநடுவே நகைக்கடை விளம்பரம் வரும். பிஸ்கட் விளம்பரம் வரும். என் வாழ்க்கையில் நகைக்கடை விளம்பரத்துக்காக நான் இப்படி ஏங்கியதே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இமை மூடாத கண்ணில் காற்றுப் பட்டால் நீர் வழியத்தான் செய்யும். அதற்காகத்தான் நர்ஸ்கள் மருந்து போட்டு, தூங்கும் நேரத்தில் இமையை டேப் வைத்து ஒட்டுவார்கள். மைனிக்கு அது வேறாகத் தெரிந்தது.

"பாருலே ஜெபராஜ், வசனம் கேக்கக் கேக்க எப்பிடி அழுவுதான்னு! ஆண்டவர் தொடுதாரு," என்று சந்தோஷப்பட்டு, சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தார்.

அவரைக் கொடுமைக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தவர் அவர். என் தலைமுடி சிக்குப் பிடித்துவிடுமென்று நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, இழை இழையாகப் பிரித்துப் பின்னிவிட்டவர். அந்த விரல்களின் இதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதே விரல்கள்தான் பின்னி முடித்ததும் இயர்போனைச் சரிபார்த்து அழுத்திவிட்டுப் போகும்.

ஒருநாள் என் காதருகே குனிந்து கேட்டார். "ஏட்டி, ஆண்டவருக்கு ஏதும் பொருத்தனை நேந்துக்கிட்டு மறந்திட்டியா? யார் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டியா? யோசிச்சுப் பாரு. மனசுக்குள்ள சொன்னாலும் அவருக்குக் கேக்கும்."

யோசித்தேன். வேறு என்ன வேலை எனக்கு? வாழ்ந்த வாழ்க்கையைத் துணியைப் போல உதறி உதறிப் பார்த்தேன். அற்பமான சங்கதிகள் எல்லாம் மேலே வந்தன. ஆராதனையில் தூங்கியது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசியது. இதற்காகவா ஒருத்தியின் மூச்சையே பிடுங்குவார்? அப்படி ஒருவரையா நான் இத்தனை வருஷமாக அப்பா என்று கூப்பிட்டேன்?

என் கட்டிலுக்கு நேர் எதிரே நர்ஸ்களின் மேசை. அதற்கு மேலே எல்லா மதத்துப் படங்களும் ஒரே சட்டத்தில் மாட்டியிருந்தன. அதில் இயேசு கையில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு, அப்போதுதான் குளித்துத் தலைசீவி வந்தவரைப் போல நின்றார். கன்னம் சிவந்திருந்தது. யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார், யாருக்காகவும் ஒரு துரும்பையும் எடுத்துப் போடமாட்டார் என்பது போன்ற முகம். எங்கள் வீட்டிலும் அதே படம்தான் இருக்கிறது. கண்ணுக்கு எதிரே இவர், காதுக்குள்ளே பிரம்போடு அவர். இருவரையும் ஒரே ஆளாக ஒட்டிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. இருவரில் ஒருவராவது நான் கிடந்த இடத்துக்கு வரக்கூடியவராகத் தெரியவில்லை.

சாவதற்கு நான் பயந்தேன் என்றாலும் அது சமாளிக்கக்கூடிய பயமாக இருந்தது. செத்த பிறகு யாருக்கு முன்னால் போய் நிற்கப்போகிறேன் என்பதுதான் என்னைக் கொன்றது. காதுக்குள் கத்துகிறவர் சொல்கிற ஆள்தான் அங்கே உட்கார்ந்திருப்பாரென்றால், எனக்குப் போக இடமே இல்லை.

கண்ணால் பேசலாம் என்று என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவர்தான். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால் முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றாமல் நாள்கள் ஓடிவிட்டன.

என் கணவர் கட்டிலில் குனிந்து, வகுப்பில் முதல் நாள் வந்த பையனைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வலிக்கா?" கீழே பார்த்தேன். "குளிருதா? தாகமா? காலு மடங்கிக் கெடக்கா? தலையணைய மாத்தணுமா?" எல்லாவற்றுக்கும் கீழே. அவருக்கு வியர்த்தது. அப்புறம் செல்போனைத் தொட்டு, "இதா?" என்றார்.

விழி வலிக்கும் மட்டும் மேலே பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. சத்தத்தை இன்னும் கூட்டினார்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. கீழே பார்த்தேன், கீழே பார்த்தேன், கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெகுநேரம் கழித்து, நம்ப முடியாமல், மெதுவாகக் கேட்டார்: "நிறுத்தவா?"

மேலே பார்த்தேன்.

அவர் இயர்போனைக் கழற்றினார். காது வெறுமையானது. வென்டிலேட்டர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். அவ்வளவு நல்ல சத்தங்களை நான் கேட்டதேயில்லை.

மைனியிடம் அவர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. மாலையில் மைனி வந்து என்னைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை, பயம் இருந்தது. "வசனம் வேண்டாம்னு சொல்லுதாளா? நம்ம ஹெப்சியா? அது அவ இல்லலே. உள்ள வேற என்னமோ பேசுது," என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒருவரை அழைத்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சின்ன எண்ணெய்ப் புட்டி. என் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். "ஐயா சும்மா ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போயிருவாங்க," என்று மைனி சொன்னதை நம்பி நர்ஸ் மும்தாஜ் உள்ளே விட்டார். அவர் பக்கத்துப் படுக்கைக்குத் திரும்பியதும் இந்த மனிதர் என் நெற்றியில் எண்ணெயைத் தடவி, எனக்குள் இருக்கிற எதையோ வெளியே போகச் சொல்லிக் கட்டளையிட்டார். பிறகு என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, "எழும்பு!" என்று இழுத்தார்.

கழுத்தில் பலமில்லாத தலை பின்னால் சாய்ந்தது. கழுத்துத் துளையிலிருந்த குழாயோடு வென்டிலேட்டரை இணைக்கும் பகுதி கழன்றது. கருவி அலறியது.

மூச்சு இல்லை. மூச்சுக்குத் திணறக்கூட உடம்புக்குத் தெரியவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த மனிதரின் கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். "எதிர்க்குது, எதிர்க்குது," என்று அவர் சொன்னது கேட்டது. மும்தாஜ் ஓடிவந்து அவரைத் தோளால் இடித்துத் தள்ளி, என்னைக் கிடத்தி, குழாயை மாட்டினார். மார்பு எழும்பியது. எல்லாம் ஒரு கைகழுவுகிற நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

என் கணவர் மருந்துப் பையோடு வாசலில் நின்றார்.

"யாருவே நீரு?"

"பிசாசு எதிர்க்குது, பிரதர்."

"கத்துனது பிசாசில்ல, மிஷினு. வெளிய போரும்."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்காளிடம் நிமிர்ந்து பேசினதும் இல்லை. அன்று மைனியைப் பார்த்துச் சொன்னார்: "எம் பொண்டாட்டிய அடிச்சுத்தான் அவரு அன்பக் காட்டுவாருன்னா, அப்பிடிப்பட்ட ஆளு எனக்கு வேண்டாம்க்கா. போயி அவருகிட்டயே சொல்லு."

மைனி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

நான் நடுங்கிப்போனேன். உடம்பு நடுங்கவில்லை, உள்ளுக்குள்தான். சபைக் கமிட்டிக்காரர் கடவுளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏதாவது விழும் என்று காத்திருந்தேன். காதுக்குள் கேட்ட அத்தனை பிரசங்கமும் அதைத்தானே சொன்னது. ஒன்றும் விழவில்லை. மும்தாஜ் என் கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்.

என் கணவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஜெபம் வரல ஹெப்சி. ஒரு வார்த்தகூட வரமாட்டேங்குது. ஒனக்கு வருதா?" என்றார்.

கீழே பார்த்தேன்.

"அப்ப ரெண்டு பேரும் சும்மா இருப்போம்," என்றார்.

சும்மா இருந்தோம். ஒளி எதுவும் தோன்றவில்லை, குரல் கேட்கவில்லை. அப்படி எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் நடக்கவில்லை. நடந்தது ஒரு நினைப்புதான். அது வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணி நேர ஆராதனையில் உட்கார்ந்து, விவரம் தெரிந்த நாள் முதல் கேட்டு வந்த சங்கதி அது. கையும் காலும் அசைக்க முடியாமல் இயேசு சிலுவையில் தொங்கினார். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்து, நீ கடவுளுடைய பிள்ளையானால் இறங்கி வா என்றார்கள். அவர் இறங்கவில்லை.

இதை எப்படி நான் இத்தனை வருஷம் கதையாகவே கேட்டேன்? என்னை எழும்பச் சொன்னார்கள், நான் எழும்பவில்லை. அவரை இறங்கச் சொன்னார்கள், அவர் இறங்கவில்லை. விசுவாசம் இல்லாமலா அவர் அங்கே கிடந்தார்? தகப்பனுக்கு அவரைப் பிடிக்காமலா? கடவுளின் அன்பை நாங்கள் பிரம்பு பிடித்த கையாக வரைந்தோம். இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டி பிடித்த கையாக வரைந்தோம். அசைய முடியாமல் ஆணியில் கிடந்த கையை வருஷத்தில் ஒரு நாள் பார்த்துவிட்டு, ஈஸ்டர் ஞாயிறன்று பூவை வைத்து மறைத்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில் அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஜெபம், நன்றி, நம்பிக்கை எதுவுமே இல்லை. அவர் எதையும் கேட்டதாகவும் தெரியவில்லை. பயம் மட்டும் போய்விட்டது. எப்போது போனதென்று கவனிக்கவில்லை, தேடிப் பார்த்தபோது இல்லை.

குணமாவது நோயைவிட நீளமான வேலை. மேலேயிருந்து கீழே வரும் என்றார் மருத்துவர், அப்படியே வந்தது. முதலில் தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு வென்டிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சொந்தமாக மூச்சு விட்ட முதல் நாள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளைப் போல ஒவ்வொரு மூச்சையும் நானே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துக் குழாயை அடைத்துப் பேசச் சொன்னபோது, "தண்ணி," என்றேன். பெரிய வார்த்தை ஏதாவது சொல்வேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பின்பு பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்குபவர்) வந்துபோனார். "பைய, டீச்சர், பைய. நரம்பு அவசரத்துக்கு வளராது," என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அன்று உடன்குடிக்குப் போய்விட்ட மைனி, நான் வீட்டுக்கு வந்த இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுப்படிக்குள் நுழைந்து கருப்பட்டிக் காப்பி போட்டார், என் கால்களுக்கு எண்ணெய் தேய்த்தார். அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்தது, விரல் பட்டால் அழுகை வந்தது. அவரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பல மாதங்கள் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். சபை ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) சாட்சி சொல்லச் சொன்னார். சாட்சி என்றால், கடவுள் எனக்கு என்ன செய்தார் என்று எல்லாருக்கும் முன்னால் எழும்பிச் சொல்வது. அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. டாக்டர்கள் கைவிட்டார்கள், சபை ஜெபித்தது, நான் விசுவாசித்தேன், கர்த்தர் எழுப்பினார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

நான் சொன்னேன்: "டாக்டர்கள் என்னைக் கைவிடவில்லை. நீங்கள் ஜெபித்ததற்கு நன்றி. ஆனால் என்னிடம் விசுவாசம் இருந்ததால் நான் பிழைக்கவில்லை. அப்போது என்னிடம் விசுவாசமே இல்லை. நான் பிழைக்காமல் போயிருந்தாலும் அவர் என்னை இதே அளவுக்குத்தான் நேசித்திருப்பார். வியாதியில் கிடக்கிற யாரையும், நீ என்ன பாவம் செய்தாய் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் கேட்கவில்லை."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார். ஐயர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் மைனி எழும்பவில்லை. என் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில், முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"ஏட்டி," என்றார். "எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. தெரியுமா ஒனக்கு?"

அரசல்புரசலாகத் தெரியும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், ஒன்றரை வயதில், காய்ச்சலில் இறந்துபோன பையன். அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

"அப்ப பனையேறுத காலம். பதனி எறங்குதுன்னா அன்னைக்கே காய்ச்சணும். இல்லன்னா புளிச்சிரும். அதுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா? எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாவ. நான் புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு அடுப்பு முன்னால நின்னு காய்ச்சினேன். அந்த வாரமே அவன் போயிட்டான். ஓய்வுநாள்ல அடுப்பு மூட்டுனாள்ல, அதுக்குத்தான் கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு எங்க மாமியா சொன்னா. ஊழியக்காரரும் ஆமான்னு சொல்லிட்டாரு."

அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

"நீ இப்ப அங்கன நின்னு சொன்னியே. அது ஒனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த அடுப்பின் முன்னாலேயே நிற்கிற ஒருத்தியையா நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்? அந்தக் கடவுளைத் தவிர வேறு யாரையும் இவருக்கு யாரும் காட்டவே இல்லையே. எனக்குச் சில வாரங்கள். இவருக்கு ஒரு ஆயுசு.

"எல்லாத்துக்கும்தான் மைனி. பதனிக்காகப் புள்ளய எடுக்கிறவரு இல்ல அவரு."

"நெசமாவாட்டீ?"

"நெசமா."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பை மடியில் விரித்து, திரும்ப மடித்து, திரும்ப விரித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். என் விரல்களுக்கு இன்னும் சூடு, குளிர்ச்சி தெரியாது, இறுக்கவும் வராது. பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தேன்.

கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். நான் பெஞ்சிலிருந்து எழும்புவதற்கு நேரமாகும். முதலில் பாதம் எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும், அப்புறம் முழங்காலிடம் சொல்ல வேண்டும், அது கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த நேரத்துக்குள் நான் வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பேன். மைனி அவசரப்படுத்தவில்லை.

"அவனுக்கு இப்ப முப்பத்தாறு நடக்கும்," என்றார். "ஜாண்சன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.